ரீபேக் என்றால் ஓவராயில்



"ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை குடுடா" என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, "எதைப் பத்திண்ணே?" என்றேன். "உனக்குத் தெரிஞ்சதைப் பத்தி எழுது" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டே விஷயங்கள். ஒன்று அரியர். அதில் நம்மில் பலரும் அனுபவசாலிகள், நான் தனியாக எழுத வேண்டியதில்லை. மற்றொன்று சைக்கிள். என் தாய்மாமாவுக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை உண்டு. எட்டாம் வகுப்பிலிருந்து லீவு நாளெல்லாம் நான் அங்கேதான். ஆகவே சைக்கிளைப் பற்றி, அதிலும் மலையில் ஓட்டுகிற சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். கரட்டுப் பாதை விவகாரத்தில் நம் கல்லூரி இரண்டு கட்சியாகப் பிரிந்து கேன்டீனில் தனித்தனி பெஞ்சில் உட்காருகிற இந்த நேரத்தில், கொஞ்சம் விவரத்தோடு பேசுவது நல்லதுதானே!

'மவுண்டன் பைக்' என்றதும் இருபத்தொரு கியர், ஸ்பிரிங் வைத்த போர்க், டிஸ்க் பிரேக் எல்லாம் கண்முன் வரும். ஏதோ பெரிய கம்பெனியின் டிராயிங் ஆபீசில் பிறந்த வண்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பிறந்தது பழைய இரும்பிலிருந்து.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்றொரு மாவட்டம். அங்கே டமால்பையஸ் என்று ஒரு மலை (பெயரிலேயே 'டமால்' இருப்பதைக் கவனியுங்கள்!). 1970களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர், 1930களிலும் 40களிலும் செய்த ஷ்வின் எக்செல்சியர் போன்ற பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். கனமான இரும்பு பிரேம், பலூன் மாதிரி தடித்த டயர். மக்கார்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு மலைமேல் தள்ளிக்கொண்டு போய், மேலேயிருந்து மண்பாதையில் விட்டார்கள் பாருங்கள் ஒரு விடு!

அந்த வண்டிகளில் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின் ஹப்புக்கு உள்ளேயே பிரேக் பிடிக்கும். கோஸ்டர் பிரேக் என்பார்கள். ஃபேர்பாக்ஸ் என்ற ஊருக்கு மேலே அவர்கள் பந்தயம் விட்ட மண்பாதை சுமார் 3 கிலோமீட்டர் நீளம், அதற்குள் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். அதாவது ஏழெட்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் கீழே!

மெக்கானிக்கல் தோழர்களே, கால்குலேட்டரை எடுங்கள். ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 20 கிலோ, ஆக 90 கிலோ. அதை 9.8ஆலும் 400ஆலும் பெருக்கினால் சுமார் 3,50,000 ஜூல். இதில் காற்று தின்பது ஒரு பங்கு. மற்றதில் பெரும்பகுதி எங்கே போகும்? பிரேக்கில் சூடாகத்தான் போகும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க 3 லட்சம் ஜூலுக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். ஒரு குண்டான் டீத்தண்ணீர் கொதிக்கிற சூட்டைக் கைப்பிடிக்குள் அடங்குகிற ஒரு ஹப் தாங்க வேண்டும் என்றால் உள்ளேயிருக்கிற கிரீஸ் என்ன ஆகும்? புகைந்தது! கீழே வந்து சேர்ந்ததும் ஹப்பைப் பிரித்து, எரிந்த கிரீஸை வழித்தெடுத்து, புதிதாக அடைக்க வேண்டியிருந்தது. ஹப்பில் மறுபடி கிரீஸ் அடைப்பதற்கு அவர்கள் ஊரில் 'ரீபேக்' என்று பெயர். அதுவே அந்தப் பாதைக்கும் பெயராகிவிட்டது. முதல் ரீபேக் பந்தயம் நடந்தது 1976 அக்டோபர் 21. ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். கீழே விழாமல் வந்தவர் அவர் ஒருவர்தான், அதனால்தான் ஜெயித்தார் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே மாமா கடைதான் நினைவுக்கு வந்தது. அந்த 'ரீபேக்'தானே நம் ஊர் 'ஓவராயில்'! அச்சை உருவி, குண்டுகளை எண்ணித் தட்டில் போட வேண்டும். பின் ஹப்புக்கு கால் இஞ்ச் குண்டு, பக்கத்துக்கு ஒன்பது. முன் ஹப்புக்கு 3/16 குண்டு, பக்கத்துக்குப் பத்து. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கப்பில் புது கிரீஸை விரலால் அப்பி, ஒவ்வொரு குண்டாக உட்கார வைத்து, கோனைத் திருக வேண்டும். அதிகம் இறுக்கினால் அரைக்கும், தளர்த்தினால் சக்கரம் ஆடும். "அச்சை ரெண்டு விரல்ல சுத்திப் பாரு மாப்ளே. தயிர்ல கரண்டி போற மாதிரி போகணும்" என்பார் மாமா. நம் ஒர்க்‌ஷாப்பில் டாலரன்ஸ் பற்றி இரண்டு பீரியட் நடத்தினார்கள். மாமா ஒரு தயிரில் முடித்துவிட்டார்.

ரீபேக் பந்தயத்தின் ஆட்கள் எல்லோரும் கையில் கிரீஸ் ஒட்டியவர்கள். கேரி ஃபிஷர் தன் பழைய வண்டியில் கியரையும் டிரம் பிரேக்கையும் மாட்டினார். பிரேக் பிடிக்க மோட்டார் சைக்கிள் லீவர். அவர் அந்தப் பாதையை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியதுதான் சாதனை. ஜோ பிரீஸ் 1977-இல் மலைக்கென்றே புது பிரேம் செய்தார். 1979-இல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் சேர்ந்து, டாம் ரிட்சி செய்த பிரேம்களை வைத்து 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரிலேயே கம்பெனி தொடங்கினார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் பெரிய அளவில் சந்தைக்கு வந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸிலேயே மவுண்டன் பைக் பந்தயம் வந்துவிட்டது. இருபதே வருடத்தில்!

சரி, மலைக்குப் போகிறவன் புறப்படும் முன் என்ன பார்க்க வேண்டும்? நம் பசங்களிடம் கேட்டால் "காத்து இருக்குதா"ன்னு பார்ப்பேன் என்பார்கள். காற்று கிடக்கட்டும், முதலில் பிரேக். லீவரை முழுக்க அழுத்தினால் ஹாண்டில்பாரைத் தொடக்கூடாது. பிரேக் கட்டையில் வெட்டு தெரிகிறதா என்று பாருங்கள். வெட்டு மறைந்துவிட்டதென்றால் கட்டை தீர்ந்தது, அதன்பின் ரிம்மைப் பிடிப்பது ரப்பர் அல்ல, இரும்பு. கேபிள் லீவருக்குள் போகிற இடத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஒரு இழை அறுந்த கேபிள் மற்ற இழைகளையும் கூட்டிக்கொண்டுதான் போகும், அதுவும் நாம் பலமாகப் பிடிக்கிற அந்த ஒரு நிமிஷம் பார்த்து. பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 'டொக் டொக்' என்றால் போர்க்கின் பால்ரஸ் தளர்ந்திருக்கிறது. செயினை ஸ்கேல் வைத்து அளக்கலாம். பின் நடுவிலிருந்து பின் நடுவுக்கு 24 கண்ணி சரியாக 12 இஞ்ச் வர வேண்டும். 1/16 இஞ்ச் கூடிவிட்டால் செயினை மாற்றுங்கள். 1/8 இஞ்ச் வரைக்கும் சும்மா விட்டால் ஃப்ரீவீல் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும், அப்புறம் இரட்டைச் செலவு.

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை வைத்துக்கொண்டு மலைக்கு வரலாமா என்று கேட்கிறார்கள். ஏறலாம், இறங்கும்போதுதான் யோசிக்க வேண்டும். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் வழுக்கும். மழையில் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படி இறங்க ஆசைப்படுகிறவருக்கு என் வணக்கம். நான் வரவில்லை!

இறங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டியது வளைவுக்கு முன்னால், வளைவுக்குள் அல்ல. திரும்பிக்கொண்டிருக்கிற டயருக்கு மண்ணைப் பிடிப்பதே பெரும்பாடு. அதன்மேல் பிரேக் வேலையையும் ஏற்றினால் அது வழுக்கத்தான் செய்யும். சீட்டை இறக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, இரண்டு பெடலையும் சம மட்டத்தில் வைத்து நின்றபடி வர வேண்டும். முன் பிரேக்கை நம்பாதே என்று ஊரில் சொல்வார்கள். தப்பு. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதுதான். ஆனால் அதை இரண்டு விரலால் பிடிக்க வேண்டும், பேய் பிடித்த மாதிரி பிடிக்கக்கூடாது. பின் சக்கரத்தை மட்டும் பூட்டி 'சர்ர்' என்று இழுத்துக்கொண்டு வருவது பார்க்க சினிமா மாதிரி இருக்கும். அந்த 'சர்ர்' பாதையில் ஒரு கோடு போடும். கோட்டில் மழைத்தண்ணீர் ஓடும். நான்கு மழைக்குப் பின் அது கோடு அல்ல, ஓடை. பாதைச் சண்டைகளில் பாதிக்கு இந்தக் கோடுதான் காரணம்.

மரின் மாவட்டத்திலும் சண்டை வந்தது. அந்த மலைப்பாதைகளில் காலங்காலமாக நடப்பவர்கள் இருந்தார்கள், குதிரை ஓட்டுபவர்கள் இருந்தார்கள். 1980களில் சைக்கிள் கூட்டம் பெருகியதும் வளைவில் திடீரென்று பாய்கிறார்கள், குதிரை மிரளுகிறது, மண் அரிக்கிறது என்று புகார்மேல் புகார். ஒற்றையடிப் பாதைகளில் மிகப்பல சைக்கிளுக்கு மூடப்பட்டன. மிச்சமிருந்த அகலமான தீத்தடுப்புப் பாதைகளில் மணிக்கு 15 மைல்தான், அதாவது 24 கிலோமீட்டர். முன்னால் வருவது தெரியாத வளைவிலும் ஆளைக் கடக்கும்போதும் 5 மைல். வனக்காவலர்கள் ராடார் கருவியை வைத்துக்கொண்டு நின்றார்கள். மவுண்டன் பைக் பிறந்த மலையிலேயே மவுண்டன் பைக்குக்குக் கதவடைப்பு!

சைக்கிள்காரர்கள் என்ன செய்தார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு சாரார், "பொது நிலம், எங்க வரிப்பணம், எவன் கேக்கறது?" என்றார்கள். மற்றொரு சாரார் மண்வெட்டியை எடுத்தார்கள். 1988-இல் கலிபோர்னியாவின் ஐந்து சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து சர்வதேச மவுண்டன் பைக் சங்கத்தை, சுருக்கமாக 'இம்பா'வை, உண்டாக்கின. திறந்திருக்கிற பாதையில் மட்டும் ஓட்டு, தடம் பதிக்காதே, வண்டியைக் கட்டுக்குள் வை, வழிவிடு, விலங்குகளை மிரட்டாதே, ஏற்பாட்டோடு போ. அவர்கள் பரப்பிய விதிகள் இவ்வளவுதான். வழிவிடுவதிலும் முறை உண்டு: நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும், ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். விதி போட்டதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகப் போய்ப் பாதையைச் செப்பனிட்டார்கள். 1994-இல் யூட்டா மாநிலத்துப் பார்க் சிட்டியில், இயற்கைப் பாதுகாப்புக்குப் பேர்போன சியரா கிளப்பும் இம்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன.

அத்தோடு சுபம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1964-இல் வந்த வனாந்தரச் சட்டம், சில காடுகளில் எந்திரப் போக்குவரத்து கூடாது என்கிறது. மோட்டார் இல்லாத சைக்கிளும் அதில் சேர்த்தியா? சேர்த்திதான் என்று 1984-இல் வனத்துறை தன் விதியில் எழுதியது. இதை மாற்றியே தீர வேண்டும் என்று 2015-இல் ஒரு தனி அமைப்பு கிளம்பியது, மசோதாவும் வந்தது. இம்பா அதை ஆதரிக்கவில்லை. இயற்கைப் பாதுகாப்பாளர்களோடு முப்பது வருடம் கட்டிய உறவை ஒரு மசோதாவுக்காக உடைக்க மாட்டோம் என்ற எண்ணம். "துரோகி" என்றது எதிர்க்கட்சி. குளம்பால் மண்ணைக் கிளறுகிற குதிரைக்கு அனுமதி, சைக்கிளுக்கு இல்லையா என்று அவர்கள் கேட்பதில் நியாயமே இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாக்கைப் பார்த்தால் ஒரு பக்கம், வேலையைப் பார்த்தால் இன்னொரு பக்கம். நான் வேலையின் பக்கம்.

இப்போது நம் கரட்டுக்கு வருவோம். அது ரிசர்வ் காடு அல்ல. ரிசர்வ் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன, அந்த விளையாட்டே வேண்டாம். நம் கரட்டில் இருப்பது புறம்போக்கு நடைபாதை. உச்சியில் முனியப்பன் கோயில், பின்பக்கம் இருபது முப்பது வீடு. காலையில் அந்த வீட்டுப் பெண்கள் புல்லுக்கட்டு சுமந்து இறங்குவார்கள், பால்காரர் ஏறுவார், ஆடுகள் இரண்டு பக்கமும் போகும். அந்தப் பாதையில்தான் நம் சைக்கிள் குழு ஞாயிறுதோறும் ஓட்டியது. போன ஐப்பசியில், மூன்றாவது வளைவில், நம் சீனியர் ஒருவரின் வண்டி புல்லுக்கட்டோடு வந்த ஓர் ஆயாவின் மேல் மோதிவிட்டது. ஆயாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. வண்டி மாமா கடைக்குத்தான் வந்தது. நானே பிரித்துப் பார்த்தேன். முன் பிரேக் கட்டை இரும்பு தெரியும்வரை தேய்ந்திருந்தது. பின் பிரேக் கேபிள் இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் விலை முப்பதாயிரத்துக்கு மேல். பிரேக் கட்டையின் விலை நான்கு டீ.

மறுநாள் ஊர்க்காரர்கள் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் பாதையின் குறுக்கே போட்டுவிட்டார்கள். பெண்களுக்கும் ஆடுகளுக்கும் பக்கத்தில் சந்து விட்டு, சைக்கிளுக்கு மட்டும் தடை. ராடார் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்!

நம்மில் ஒரு கட்சி, "புறம்போக்கு எல்லாருக்கும் பொது, தாலுகா ஆபீசில் மனு கொடுப்போம்" என்றது. இன்னொரு கட்சி, "முதல்ல போய் ஆயாவைப் பார்ப்போம்" என்றது. நான் இரண்டாவது கட்சி. வைத்தியச் செலவுக்கு வகுப்புவாரியாக வசூல் செய்துகொண்டு ஆறு பேர் போனோம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார் ஆயா. "காசு இருக்கட்டும் சாமி. கை கூடிரும். மூணு மாசத்துக்குப் பால்மாட்டை யாரு பார்க்கறது? அதைச் சொல்லு" என்றார். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர்தான், "வண்டி மேல எங்களுக்குப் பகை இல்லீங்க தம்பி. நீங்க வந்த பொறவு பாதையில தண்ணி பூந்து பள்ளமாயிருச்சு. சுமையோட கால் வைக்க முடியல. ஆயா ஒதுங்காம நின்னது அதனாலதான்" என்றார்.

அந்த 'சர்ர்' கோடு!

சிவில் மூன்றாமாண்டு நண்பர்களிடம் சொன்னோம். எச்.ஓ.டி.யிடம் அனுமதி வாங்கி, சர்வே லேபிலிருந்து டம்பி லெவலும் ஸ்டாஃபும் எடுத்துவந்தார்கள். பாதையின் சரிவு, அது போகிற மலைச்சரிவின் சரிவில் பாதிக்கு மேல் இருந்தால் தண்ணீர் குறுக்கே வழியாமல் பாதையிலேயே ஓடும் என்பது உலகமெங்கும் பாதை போடுகிறவர்கள் வைத்திருக்கிற கணக்கு. சராசரியாக நூற்றுக்குப் பத்துக்குள் இருந்தால் நல்லது. மூன்றாவது வளைவுக்கு மேலே நம் பாதை அதற்கு இரண்டு பங்கு இருந்தது. குறுக்குச் சாய்வாகக் கல் பதித்து, வெளிப்பக்கம் தண்ணீர் வழிகிற மாதிரி வடிகால் வெட்ட அளந்து குறி வைத்தோம். அந்தப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "அங்க வெட்டினா அடிமண்ணு சரிஞ்சிரும். நாலடி மேல, அந்தப் பாறைகிட்ட வெட்டுங்க" என்றார். வெட்டிப் பார்த்ததும் தெரிந்தது, பாறையை ஒட்டிப் பழைய வடிகால் ஒன்று மண்மூடிக் கிடந்தது. டம்பி லெவல் பெட்டிக்குள் போய்விட்டது. மூன்று ஞாயிறு வேலை நடந்தது. கடைசி ஞாயிறு ஊரிலிருந்தே கூழ் வந்தது. ஆயா வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்துக் கொண்டுவர, நம் பயல்கள் முறை வைத்துப் போனார்கள். அவர்கள் அறுத்த புல்லின் தரத்தைப் பற்றி ஆயா சொன்னதை மலரில் அச்சிட முடியாது.

இப்போது முள் எடுத்தாயிற்று. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல், புல்லுக்கட்டெல்லாம் இறங்கிய பிறகு ஓட்டலாம். மூன்று வளைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மணி இல்லாத வண்டி வரக்கூடாது. அடிவாரத்தில் பிரேக்கைச் சோதித்த பிறகுதான் மேலே. அந்த வேலை என்னிடம் இருக்கிறது. இதுவரை நான்கு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதில் இருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. மனு கொடுக்கிற கட்சியும் கலையவில்லை. "மூணு வளைவுல தள்ளிட்டுப் போறதுக்கு மவுண்டன் பைக் எதுக்குடா?" என்று கேட்கிறார்கள். மனுவும் தயாராக இருக்கிறது, கையெழுத்து போட்டவர்கள் பதினொரு பேர்.

போன வாரம் இரண்டு நாள் நல்ல மழை. பாறைக்கிட்ட வெட்டிய வடிகால் நின்றிருக்கிறதா, அரித்துவிட்டதா என்று பார்க்க வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு, சைக்கிள் இல்லாமல், நடந்தே போகிறோம். மண்வெட்டி நான்கு இருக்கிறது. ஆள்தான் மூன்று பேர்.